எட்டு முந்திரி

ஆய்வேட்டை அச்சுக்கு அனுப்பும் முன் நன்றியுரை எழுத உட்கார்ந்தேன். நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், விடுதி அறைத்தோழி, அம்மா, அப்பா என வழக்கமான வரிசை தடையின்றி வந்தது. அதன்பின் இரண்டு பெயர்களில் கை நின்றுவிட்டது. ஒன்று ஒரு மனிதரின் பெயர். அவரிடம் நன்றி சொல்வதைவிட மன்னிப்புக் கேட்பதே முறை. மற்றொன்று ஒரு மென்பொருளின் பெயர்: சை புரோப். மொழியியல் ஆய்வேட்டின் முதற்பக்கங்களில் அதற்கு என்ன வேலை என்று வாய்மொழித் தேர்வில் எவரேனும் கேட்கக்கூடும். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் முதுகலை மொழியியல் முடித்துவிட்டு, கிழக்கிந்தியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராகச் சேர்ந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. நான் உதவித்தொகை பெற்ற திட்டம், முண்டா மொழிகளுக்கான தரவகம் ஒன்றை உருவாக்குவது. சந்தாலி, முண்டாரி, ஹோ ஆகிய மூன்று மொழிகளின் வாய்மொழிக் கதைகளை ஒலிப்பதிவு செய்து, வாக்கியம் வாக்கியமாக எழுத்தில் பெயர்த்து, ஒவ்வொரு சொல்லையும் உருபன்களாகப் பிரித்துக் குறிப்பெழுத வேண்டும். இப்பணிக்கென ஓர் இணையச் செயலி இருந்தது. ஜாவாவில் எழுதப்பட்டது, டோம்கேட் 8.5இன்மீது ஓடியது, பின்னால் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். அதை எழுதியவர் திட்டத்தின் முதலாண்டில் வந்துபோன ஒரு பயிற்சி மாணவர். அவருக்கு வேலை கிடைத்தது, போய்விட்டார். சர்வர் என்று மரியாதையாக அழைக்கப்பட்டது, கணினி மையத்தின் மூலையில் 4 ஜிபி நினைவகத்துடன் இரைந்துகொண்டிருந்த ஒரு பழைய பெட்டி. செயலிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எவரும் விடை சொல்லாதபோது, கணினியைக் கண்டு அஞ்சாதவள் என்ற ஒரே தகுதியால் அது என் தலையில் விழுந்தது.

அந்தச் செயலிக்கு ஒரு நோய் இருந்தது. வாரத்துக்கு மூன்று நான்கு முறை உறைந்துபோகும். விழாது, உறையும். விழுந்த நிரலாவது ஏதேனும் பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு விழும். இது ஒன்றையும் காட்டாது. உலாவியில் அந்தச் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் சிபியு ஏறத்தாழ ஓய்வில் இருக்கும், நினைவகமும் நிரம்பியிருக்காது, டோம்கேட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காய்ச்சலும் இல்லை, நாடியும் சீராக இருக்கிறது, ஆனால் நோயாளி பேசமாட்டேன் என்கிறார். எங்களுக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் டோம்கேட்டை நிறுத்தி மறுபடி தொடங்குவது. கணினி மையத்தின் மூத்த உதவியாளர் அதைச் செய்வார். நாங்கள் அவரைச் சாச்சா ஜி என்போம். ஓய்வுபெற இரண்டாண்டுகள் இருந்த அவர், அப்பெட்டியை ஒரு முரட்டு எருமையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

மொழியியல் மாணவிக்குத் தெரிந்த வழி அட்டவணை போடுவது. ஒவ்வோர் உறைவின் நேரத்தையும் குறித்துவைத்தேன். அந்நேரத்தில் உள்நுழைந்திருந்த குறிப்பாளர்களின் பெயர்களை அருகில் எழுதினேன். ஆறு வாரங்களில் 21 உறைவுகள். அவற்றுள் 19இல் ஒரே பெயர் இருந்தது. இவ்வளவு தெளிவான ஒத்திசைவு என் ஆய்வுத் தரவில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. பெருமையோடு அட்டவணையை நெறியாளருக்கு அனுப்பினேன்.

அந்தப் பெயருக்குரியவர் ஜார்க்கண்டின் சாய்பாசாவை அடுத்த ஒரு சிற்றூர்க்காரர். ஹோ அவருக்குத் தாய்மொழி. பகலில் ஒரு தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர். மாலையில் எங்களுக்காக வாக்கியத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் குறிப்பெழுதுவார். நான் அவரைத் தாதா என்று அழைப்பேன். தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளை ஒருமுறை விளக்கியபோது வெகுநேரம் சிரித்தார். அங்கே அது அண்ணன். வயதில் இளையவளாயினும் என்னைத் தீதி என்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹோ பேசுவோர் சுமார் 14 லட்சம் பேர். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் அம்மொழிக்கு இடமில்லை. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தில் சந்தாலி சேர்ந்தது. ஹோ வெளியிலேயே நின்றுவிட்டது. அம்மொழியைத் தேவநாகரியிலும் எழுதுகிறார்கள், ஒடியா எழுத்திலும் எழுதுகிறார்கள். ஆனால் லாகோ போத்ரா உருவாக்கிய வாரங் சிதி என்னும் சொந்த எழுத்து அதற்கு உண்டு. தாதா அந்த எழுத்தில்தான் எழுதுவேன் என்றார். தேவநாகரி போதுமே என்று திட்டக்குழு இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தது. அவர் வாதாடவில்லை, வாரங் சிதி விசைப்பலகை ஒன்றைத் தம் கணினியில் நிறுவிக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

அடுத்த மாதத் திட்டக் கூட்டத்தில் என் அட்டவணை திரையில் காட்டப்பட்டது. எங்கிருந்தோ எடுத்த விசைப்பலகை மென்பொருளைப் போட்டுக்கொண்டு சர்வரைக் கெடுக்கிறார் என்பது முடிவாயிற்று. அவர் கணக்கு முடக்கப்பட்டது. அவருக்குச் சேர வேண்டிய இரண்டு மாத ஊதியமும் ‘விசாரணை முடியும்வரை’ நிறுத்திவைக்கப்பட்டது. நான் அந்த அறையில்தான் இருந்தேன். இரண்டு உறைவுகளின்போது அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 19இன் கனம் அவ்விரண்டையும் எனக்கே மறைத்துவிட்டது.

அன்றிரவு அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. “தீதி, அட்டவணை போட்டது நீங்கள்தான் என்றார்கள். நீங்கள் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் நான் ‘சேமி’ என்ற பொத்தானைத் தவிர வேறெதையும் அழுத்தவில்லை.” நான் பதில் அனுப்பவில்லை.

அதன்பின் பத்து நாட்கள் செயலி சீராக ஓடியது. எல்லோரும் தலையசைத்தார்கள். பதினோராம் நாள் மாலை ஆறரை மணிக்கு அது உறைந்தது.

சாச்சா ஜி வழக்கம்போல் மறுதொடக்கம் செய்யக் கை நீட்டினார். நான் தடுத்தேன். மறுதொடக்கம் செய்துசெய்து ஒவ்வொரு முறையும் தடயத்தைத்தானே அழித்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரலின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்நிரலிடமே கேட்க முடியும். ஜேடிகே என்னும் நிரலாக்கத் தொகுதியுடன் ஜேபிஎஸ், ஜேஸ்டாக், ஜேஸ்டாட், ஜேமேப் என்று கையடக்கமான சில கட்டளைகள் வருகின்றன. முதலாவது எந்தெந்த ஜாவா நிரல்கள் ஓடுகின்றன என்று சொல்லும். இரண்டாவது அந்நிரலின் ஒவ்வோர் இழையும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்று சொல்லும். மற்றவை நினைவகத்தின் நிலையைக் காட்டும். இதையெல்லாம் படித்துவிட்டு வந்து தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்றது பெட்டி. ஜாவா நிரலை ஓட்ட மட்டும் போதுமான ஜேஆர்ஈ தொகுதிதான் அதில் இருந்தது. ஆராயும் கருவிகள் அதில் வாரா.

கருவி இல்லாதபோதும் ஒரு வழி உண்டு. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ‘கில் -3’ என்ற கட்டளையை ஜாவா நிரலின் எண்ணோடு சேர்த்துக் கொடுத்தால், அது இறக்காது. தன் இழைகள் அனைத்தின் நிலையையும் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். நான் அதைத் தட்டுவதைப் பார்த்த சாச்சா ஜி பதறினார். “பேட்டா, அதன் பொருள் தெரியுமா உனக்கு? கொன்றுவிடாதே. மறுதொடக்கமே போதும்.” அது பெயர்தான் அப்படி, உண்மையில் ஒரு சைகை மட்டுமே, மூன்றாம் எண் சைகையை ஜாவா வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். குறிக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கை உறவில்லை என்று சசூர் சொன்னதை முதுகலை முதல் பருவத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதற்குக் கைநடுங்கும் எடுத்துக்காட்டு இவ்வளவு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

பதிவுக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டின. இழைப்பட்டியலைப் படிப்பது கல்வெட்டுப் படிப்பதை ஒத்தது. வாய்பாடு பிடிபட்டுவிட்டால் பிறகு விரைவு. ஒவ்வோர் இழைக்கும் ஒரு பெயர், ஒரு நிலை, அதன்கீழ் ஒரு வரிசை. வரிசையின் மேல்வரி இப்போது நிகழ்வது. அதற்குக் கீழே அதை அழைத்தவர், அவரை அழைத்தவர் என்று கொடிவழி இறங்கும். நிலையைக் குறிக்கும் சொற்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘பிளாக்ட்’ என்றால் வேறோர் இழை பூட்டியிருக்கும் கதவின்முன் நிற்பது. ‘வெயிட்டிங்’ என்றால் எவரேனும் வந்து எழுப்பும்வரை தானே படுத்துக்கொண்டது. நான் முதல்வகையை எதிர்பார்த்தேன். கண்டது இரண்டாம் வகை. பயனர்களின் கோரிக்கைகளை ஏற்கும் 57 இழைகள், ஒன்றுபோல் ஒரே இடத்தில் படுத்திருந்தன. அந்த இடத்தின் பெயர் ‘பாரோ ஆப்ஜெக்ட்’. கடன் கேட்டுக் காத்திருக்கிறார்கள்.

கடன் என்னவென்றால், தரவுத்தளத்துக்கான இணைப்பு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பைத் திறப்பது செலவு மிக்கது என்பதால், சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்து ஒரு தொகுப்பில் வைத்திருப்பார்கள். வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். துறை நூலகத்தில் ஒரே பாடநூலுக்கு எட்டுப் படிகள் இருப்பதுபோல. எட்டு என்பதை உவமைக்காகச் சொல்லவில்லை. டோம்கேட் 8.5இல் இயல்பாக வரும் இணைப்புத் தொகுப்பில், நாம் மாற்றாதவரை, மேல்வரம்பு 8 தான். படி இல்லையென்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கும் இயல்பு மதிப்பு ஒன்று உண்டு: முடிவில்லாமல். எங்கள் பயிற்சி மாணவர் இரண்டையும் தொடவில்லை. எனவே எட்டுப் பேர் நூலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், ஒன்பதாமவர் நூலக வாசலில் சாகும்வரை நிற்பார்.

யார் திருப்பித் தரவில்லை என்பதை இழைப்பட்டியல் சொல்லாது. கடன் வாங்கிய இழை தன் வேலை முடிந்ததாக எண்ணி எப்போதோ போய்விட்டிருக்கும். இனித் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஹைதராபாதில் மென்பொருள் துறையில் இருக்கும் கல்லூரித் தோழியிடம் கேட்டபோது, புரோமிதியஸ், கிராஃபானா என்று ஒரு பெரும்படையையே பரிந்துரைத்தாள். நூறு சர்வர்களை மேய்ப்பவர்களுக்கு அவை வேண்டும். 4 ஜிபி பெட்டியில் அவற்றையும் ஏற்றினால் காவலாளியே வீட்டை அடைத்துக்கொள்வான். உற்றுநோக்குபவரின் இருப்பே பேச்சை மாற்றிவிடுகிறது என்று லேபோவ் கவலைப்பட்டது நமக்குத் தெரியும். கருவிகளுக்கும் அதே முரண் உண்டு. கவனிக்கும் செயல் கவனிக்கப்படுவதை வருத்தக்கூடாது. எனவே எடை குறைந்ததைத் தேடினேன்.

இரண்டு கிடைத்தன. முதலாவது சை புரோப். லாம்ப்டா புரோப் என்ற பழைய திட்டம் தேங்கிப்போனபின் அதிலிருந்து கிளைத்தது. ஒரே ஒரு வார் கோப்பு. டோம்கேட்டின் செயலிக் கோப்புறையில் போட்டு, பயனர் கோப்பில் நிர்வாகிக்கு ஒரு கடவுச்சொல்லை எழுதினால் போதும். அமர்வுகள், இழைகள், நினைவகம், பதிவுகள் ஆகியவற்றோடு இணைப்புத் தொகுப்பில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதையும் ஒரு பட்டையாகக் காட்டும். இரண்டாவது ஜாவாமெலடி. இது செயலிக்குள்ளேயே சென்று அமர்வது: இரண்டு ஜார் கோப்புகளைச் செயலியின் நூலகக் கோப்புறையில் வைத்தால், முகவரியின் இறுதியில் ‘மானிட்டரிங்’ என்று சேர்த்துத் தட்டியதும் பக்கம் திறக்கிறது. எந்தப் பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது, எந்த எஸ்க்யூஎல் வாக்கியம் எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை விழுக்காடு பிழையில் முடிந்தது என்று கூட்டிக் கழித்துத் தருகிறது. ஒவ்வொரு நிகழ்வையும் அது சேமிப்பதில்லை. தொகுத்த எண்களை மட்டும் அளவு மாறாத சிறு கோப்புகளில் சுழற்சி முறையில் எழுதுகிறது. பழையவை பழையவையாக ஆக நுணுக்கம் குறையும், கோப்பின் அளவு மட்டும் கூடாது. நம் நினைவும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது.

இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜாவாமெலடியின் பக்கத்துக்கு நாமாகக் காவல் போடாவிட்டால் அது எல்லோருக்கும் திறந்திருக்கும். முதல் இரண்டு நாட்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் கிடந்தது. அதில் பயனர் பெயர்களும் வினவல்களும் தெரியும். இழையைக் கொல்லவும், அனைவரின் அமர்வுகளையும் முறிக்கவும், நினைவகத்தின் முழு நகலை எடுக்கவும் பொத்தான்கள் உண்டு. நினைவக நகலில் கதை சொன்ன மூதாட்டிகளின் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கும்போது ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்தவள் நான். மூன்றாம் நாள் அது உறைத்து, பூட்டுப் போட்டேன்.

பின்னர் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாயிற்று. எட்டில் சுழியம், யாரேனும் சேமித்தால் ஒன்று, சிலசமயம் இரண்டு, உடனே சுழியம். ஆரோக்கியமான மூச்சு. நான்காம் நாள் பிற்பகல் அது ஒன்றுக்குப் போய் இறங்காமல் நின்றது. பத்து நிமிடம் பார்த்தேன். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

ஜாவாமெலடியில் அப்போது திறந்திருக்கும் தரவுத்தள இணைப்புகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் நிரலின் எந்த இடத்தில் திறக்கப்பட்டது என்பதும் கிடைக்கும். பார்த்தேன்: குறிப்பைச் சேமிக்கும் பகுதி. எஸ்க்யூஎல் பட்டியலில் அதே பகுதியின் ‘இன்செர்ட்’ வாக்கியத்தின் எதிரே பிழை விழுக்காட்டுக் கட்டத்தில் சுழியமல்லாத ஓர் எண். நிரலைத் திறந்தேன். இணைப்பை வாங்குகிறது, எழுதுகிறது, இணைப்பைத் திருப்பித் தருகிறது. எழுதும்போது பிழை நேர்ந்தால் கட்டுப்பாடு கீழே தாவிவிடும். திருப்பித் தரும் வரி ஓடவே ஓடாது. பிழையைப் பிடிக்கும் பகுதியில் அதைப் பதிவுசெய்ய ஒரு வரிகூட இல்லை. பயனருக்கு ஒரு செய்தி மட்டும்: “சேமிக்க இயலவில்லை. மீண்டும் முயல்க.”

பிழையைப் பதிவில் எழுதும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் அகப்பட்டது. ‘சரியல்லாத எழுத்துச்சரம்’ என்று தொடங்கி, எஃப்0 என்ற பைட்டைத் தலையாகக் கொண்ட நான்கு பைட்டுகள். தேடிப் பார்த்தால், கண்ணில் நீர்வரச் சிரிக்கும் ஒரு முகம். சந்தாலிக் குறிப்பாளர் ஒருத்தி, கதையில் வந்த நகைச்சுவையைக் கண்டு, கருத்துக்கான கட்டத்தில் அந்த முகத்தை இட்டிருக்கிறாள். சேமிக்க இயலவில்லை என்றதும் அதை நீக்கிவிட்டுச் சேமித்திருக்கிறாள். ஓர் இணைப்பு மட்டும் போயிற்று. என் அட்டவணையில் தாதா இல்லாத அந்த இரண்டு உறைவுகளும், பதினோராம் நாளின் உறைவும் விளங்கின.

தாதாவின் 19உம் அந்தக் கணமே விளங்கிவிட்டது. யூனிகோடில் பரவலாகப் பயன்படும் எழுத்துகளில் பெரும்பாலானவை அடித்தளத்தில், முதல் 65,536 இடங்களுக்குள் இருக்கின்றன. தேவநாகரி, ஒடியா, தமிழ் ஆகிய எழுத்துகளின் முதன்மைத் தொகுதிகள் அங்கேதான். ரகுநாத் முர்மு சந்தாலிக்கு ஆக்கிய ஓல் சிக்கியும் 2008இல் அங்கே இடம்பெற்றுவிட்டது. அவையெல்லாம் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள். வாரங் சிதி யூனிகோடுக்குள் வந்தது 2014இல், 7.0 பதிப்பில். அதற்கு இடம் கிடைத்தது மேல்தளத்தில். அங்கிருப்பவை அனைத்தும் நான்கு பைட்டுகள். எங்கள் அட்டவணைகளோ மைஎஸ்க்யூஎல்லின் ‘யூடிஎஃப்8’ என்ற குறியீட்டில் உருவாக்கப்பட்டிருந்தன. பெயர் அப்படியிருந்தாலும் அது மூன்று பைட்டுகளுக்குமேல் ஏற்காது. நான்கையும் ஏற்கும் ‘யூடிஎஃப்8எம்பி4’ 2010இலேயே 5.5.3 பதிப்பில் வந்துவிட்டது. எங்கள் பயிற்சி மாணவருக்கு அது தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஆக, தாதா தம் மொழியை அதன் எழுத்தில் எழுதிச் சேமித்தார். இயலவில்லை, மீண்டும் முயல்க என்றோம். பணிவுள்ள மனிதர், மீண்டும் முயன்றார். எட்டாவது முயற்சியில் எல்லோருக்கும் செயலி நின்றது. என் அட்டவணை பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்தல். ஒவ்வோர் எண்ணும் சரி.

நெறியாளரை நம்பவைக்க வேண்டும். ‘நான்கு பைட்டு’ என்று தொடங்கினாலே அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வாரங் சிதியைத் தட்டிக் காட்டினால், அந்த எழுத்தே கோளாறு என்ற பழைய முடிவுக்குத்தான் வலுவூட்டும். வேறோர் எழுத்து வேண்டும். யாரும் குறைசொல்ல முடியாத, என் சொந்த மொழியின் எழுத்து. தமிழின் முதன்மைத் தொகுதி அடித்தளத்தில் இருந்தாலும், பழைய பின்ன அளவுக் குறிகளும் கணக்குக் குறிகளும் 2019இல் 12.0 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டன, அதுவும் மேல்தளத்தில். அத்தொகுதியின் முதல் இடத்தில் இருப்பது முந்திரி: 320இல் ஒரு பங்கு.

அவர் அறையில், அவர் கணினியில், ஒரு பக்கம் புரோப்பின் பட்டை, மறுபக்கம் குறிப்பெழுதும் பக்கம். முந்திரியை ஒட்டிச் ‘சேமி’யை அழுத்தினேன். எழுத்துரு இல்லாததால் வெறும் கட்டமாகத்தான் தெரிந்தது.

“இது என்ன?”

“எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பின்னம், ஐயா.”

சேமிக்க இயலவில்லை, மீண்டும் முயல்க. பட்டை ஒன்று. மறுபடி அழுத்தினேன். இரண்டு. ஐந்து வரும்போது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எட்டு. எட்டு முந்திரி சேர்ந்தால் அரைமா, 40இல் ஒரு பங்கு. அந்த அரைமா எங்கள் தரவகம் முழுவதையும் நிறுத்திவிட்டது. அவர் தம் கைப்பேசியில் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். வட்டம் சுற்றியது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “மீண்டும் முயல்க என்று எழுதிவைத்தது நாம்தானே?”

திருத்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணைப்பை எப்படியும் திருப்பித் தரும் எழுத்துமுறை ஜாவா 7இலேயே, 2011இல் வந்துவிட்டது. நிரலை அதற்கு மாற்றினேன். காத்திருப்புக்குப் பத்து விநாடி வரம்பு வைத்தேன். அட்டவணைகளை நான்கு பைட்டுக்கு மாற்றும்போது மட்டும் ஒரு முரண்டு: பழைய வடிவிலான அட்டவணையில் அகரவரிசைச் சுட்டு 767 பைட்டுக்குள் அடங்க வேண்டும். எழுத்துக்கு நான்கு பைட்டு என்றால் 255 எழுத்து நீளமுள்ள தலைப்புகள் அடங்கா. 191 தான் அடங்கும். எந்த ஹோ கதையின் தலைப்பும் 191 எழுத்தை எட்டாது என்று சரிபார்த்துவிட்டு வெட்டினேன்.

கோப்புகள் நகர்வது நிரல் நகர்வதைவிட மெதுவாக நடந்தது. தாதாவின் இரண்டு மாத ஊதியம் இன்னுமொரு மாதம் கழித்து விடுவிக்கப்பட்டது. காரணக் கட்டத்தில் ‘தொழில்நுட்பக் காரணங்கள்’ என்று எழுதினார்கள். சேமிக்கப்படாத வாக்கியங்களுக்கு ஊதியம் இல்லை என்றார்கள். சேமிக்க முடியாதபடி வைத்திருந்தது நாம் என்று நான் கடிதம் எழுதினேன். அது இன்னும் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. அவ்வாக்கியங்கள் அழிந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் அவர் முதலில் கோடுபோட்ட நோட்டில் எழுதிவிட்டுத்தான் தட்டியிருக்கிறார். மூன்று நோட்டுகள்.

நான் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை பற்றியும், கூட்டத்தில் வாயைத் திறக்காதது பற்றியும். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு, “எட்டு முறைதானா தீதி? நான் சில நாள் இருபது முறைகூட அழுத்தியிருக்கிறேனே” என்றார். எட்டுக்குமேல் அழுத்தியவை எல்லாம் வாசலில் வரிசையில் நின்றவை என்றேன். “அந்த 57இல் பாதி நானாகத்தான் இருப்பேன்” என்று சிரித்தார். அந்த 57 பதினோராம் நாளின் கணக்கு, அன்று அவர் கணக்கே முடக்கத்தில் இருந்தது என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அவர் கணக்கு திறக்கப்பட்ட மாலையில் நான் புரோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாச்சா ஜியும் தேநீர்க் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார். பட்டை ஒன்றானது; உடனே சுழியமானது. தரவுத்தளத்தில் போய்ப் பார்த்தேன். வாரங் சிதியில் ஒரே ஒரு வரி.

நன்றியுரையில் அவர் பெயரை அந்த எழுத்திலேயே அச்சிட நினைத்திருக்கிறேன். எழுத்துரு கிடைத்துவிட்டது, அச்சகத்தாரும் ஒப்புக்கொண்டார். மின்படியைப் பதிவேற்ற வேண்டிய நூலகத் தளமும் டோம்கேட்டின்மீதுதான் ஓடுகிறது. திங்கட்கிழமை அங்கே ஒரு முந்திரியை இட்டுப் பார்க்க வேண்டும்.